மூன்கேக்கும் காட்சிப்பேழையும்: அரும்பொருளகத்தில் நடு இலையுதிர்கால விழா மாலை – ஒரு நிகழ்வு ஆய்வு

சீன நாட்காட்டியில் எட்டாம் மாதத்தின் 15ஆம் நாள் நடு இலையுதிர்கால விழா. அறுவடை முடிந்த கையோடு வரும் நாள். குடும்பமாகக் கூடி நிலவைப் பார்ப்பார்கள், மூன்கேக் என்னும் வட்டமான இனிப்புப் பண்டத்தை வெட்டிப் பகிர்ந்துகொள்வார்கள், பிள்ளைகள் கையில் விளக்கு ஏந்தி நடப்பார்கள். இந்த மூன்றுமே ஒரு கலை அரும்பொருளகத்துக்கு ஒவ்வாதவை. நிலவு கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. பண்டம் எறும்பையும் கரப்பானையும் அழைத்து வரும். விளக்கு என்றால் நெருப்பு. அதனால் இத்தகைய மாலைகளில் பலவும் விழாவை உள்ளே அடைத்துவிடுகின்றன: கூடத்தில் காகித விளக்கு செய்யும் மேசை, மூலையில் பண்டத் தட்டு, மேடையில் குசெங் என்னும் சீன நரம்புக் கருவியின் இசை. நிலவை யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்தில்தான் அது கண்ணில் படுகிறது.

திட்டத்தைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. நிலவு தெரியும் இடத்தையும் நேரத்தையும் முதலில் குறித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கி அடுக்க வேண்டும். காட்சிக்கூடம் முற்றத்துக்கு வழிகாட்டும் இடம். விழா நடக்கும் இடம் முற்றம்.

களமாக எடுத்துக்கொண்டது சிங்கப்பூர், 2026 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. நகரமும் நாளும் உண்மையானவை. கட்டடம் ஒரு மாதிரி. இரண்டு தளம், கிழக்குப் பக்கம் திறந்த முற்றம், அதைச் சுற்றிக் கூரையிட்ட தாழ்வாரம், கீழ்த்தளத்தில் மண்பாண்ட, வெண்கலக் கூடம், மேல்தளத்தில் ஓவியக் கூடம். வருவோர் 400 பேர். மாலை 6:30 முதல் 9:30 வரை.

நிலவின் கணக்கு

சீன மாதம் அமாவாசை நாளன்று, பெய்ஜிங் நேரப்படி, பிறக்கிறது. 15ஆம் நாள் என்பது நாட்கணக்கு மட்டுமே. நிலவு அன்றே முழுமை அடைய வேண்டும் என்பதில்லை. 15ஆம் நாள் நிலவு 16இல்தான் வட்டமாகும் என்று சீனர்களே சொல்வார்கள். 2025இல் விழா அக்டோபர் 6, முழு நிலவு மறுநாள் முற்பகல். 2026இல் இன்னும் தள்ளிப்போகிறது: விழா செப்டம்பர் 25, முழுமை சிங்கப்பூர் நேரப்படி 27ஆம் தேதி பிறந்து சுமார் 50 நிமிடத்தில். விழா மாலையில் நிலவின் முகத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு ஒளி பெற்றிருக்கும். வெறுங்கண்ணுக்கு அது வட்டம்தான். ஆனால் அறிவிப்பில் 'இன்று முழு நிலவு' என்று அச்சடித்தால், தொலைநோக்கியில் பார்க்கும் முதல் பள்ளிப் பிள்ளையே ஓரம் குறைவதைக் காட்டிக் கேள்வி கேட்கும்.

முழுமைக்கு முந்தைய நிலவு சூரியன் மறையும் முன்பே எழுந்துவிடும். அன்று சிங்கப்பூரில் சூரியன் மறைவது 7 மணிக்குச் சற்று முன்; நிலவு எழுவது 6 மணியை ஒட்டி, ஏறக்குறைய நேர் கிழக்கில். நகரத்தில் அடிவானம் என்று ஒன்று கிடையாது. முற்றத்திலிருந்து 60 மீட்டர் தொலைவில் 35 மீட்டர் உயரக் கட்டடம் நின்றால் 30 பாகை வரை வானம் மறையும். நிலவு 30 பாகையைத் தாண்ட 8:15 ஆகும். ஆகவே முற்றத்துக் கூடுகை 8:30. இதை வரைபடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. முந்தைய மாதப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு மாலையில் முற்றத்தில் நின்று, நிலவு எந்தக் கூரைக்கு மேலே எத்தனை மணிக்கு வருகிறது என்று நேரில் குறித்துக்கொள்வதே பிழையில்லாத வழி. மரக்கிளைகளும் புதிதாக எழுந்த கட்டடச் சாரமும் அப்போதுதான் தெரியவரும்.

7 மணியில் முக்கிய நிகழ்ச்சி எதையும் வைக்காதிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சூரியன் மறைந்ததும் முஸ்லிம் விருந்தினரின் மக்ரிப் தொழுகை வேளை. 6:30க்கு வாயில் திறந்து, 8:15 வரை கூடங்களும் மேசைகளும், 8:30க்கு முற்றம் என்று வைத்தால் யாருக்கும் எதுவும் தவறாது.

தொலைநோக்கி வைப்பவர்கள் அதிகம் சறுக்குவது இரண்டு இடங்களில். குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை நேரே வெளியே எடுத்தால் ஈரக்காற்று பட்டு வில்லை முழுக்கப் பனிப்படலம் படியும். துடைத்தால் கீறல்தான் மிச்சம். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடியைக் கழற்றாமல் வெளியே வைத்துவிட வேண்டும். அடுத்தது எதிர்பார்ப்பு. முழுமையை நெருங்கிய நிலவில் நிழல் இல்லை. பள்ளங்கள் எடுத்துத் தெரியாது, கண் கூசும். 70 அல்லது 80 மி.மீ. வில்லைக் கருவியில் நிலவு வடிகட்டி போட்டு, 40 மடங்கு அளவில் நிறுத்திக்கொள்வது போதும்.

உண்மையில் அன்று பார்க்க வேண்டியது முயல். அதற்குத் தொலைநோக்கி தேவையில்லை, கூடவும் கூடாது. முழு முகமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். உரலில் மருந்து இடிக்கும் சீனத்து முயலின் காதுகள் ஃபெக்குண்டிட்டாட்டிஸ், நெக்டாரிஸ் என்னும் கருந்திட்டுகள், தலை டிராங்குவிலிட்டாட்டிஸ். நிலவு கிழக்கில் ஏறும் வேளையில் இந்தப் பக்கம்தான் மேலே இருக்கும், அதாவது முயல் காதை நிமிர்த்தி நிற்கும். பின்னிரவில் மேற்கே இறங்கும்போது கவிழ்ந்துவிடும். முயற்கறை என்று நிலவின் கறையைச் சொல்லிப் பழகிய தமிழ் விருந்தினருக்கு இதை விளக்க அதிக நேரம் பிடிக்காது.

செப்டம்பர் கடைசியில் புகைமூட்டத்துக்கும் இடிமழைக்கும் வாய்ப்பு உண்டு. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் முற்றக் கூடுகையைத் தாழ்வாரத்துக்கு மாற்றும் முடிவை அன்று மாலை 5 மணிக்கே எடுத்துவிட வேண்டும்; 8 மணி வரை தள்ளிப்போட்டால் 400 பேரும் ஒரே கதவருகில் நிற்பார்கள். மேகம் மறைத்தால் என்ன செய்வது? ஊதிப் பெருக்கிய பிளாஸ்டிக் நிலவு வாடகைக்குக் கிடைக்கிறது. படத்துக்கு அழகாக இருக்கும். அதைச் சுற்றிக் கூட்டம் செல்ஃபி வரிசையாக மாறிவிடுவதுதான் வழக்கம். மேகத்தின் விளிம்பு வெளுக்கும்வரை இசையோடு காத்திருப்பதும் நிலவு பார்ப்பதில் சேர்ந்ததே. கட்டடத்தின் முகப்பு விளக்குகளை 8:25க்கு அணைக்க மறந்துவிட்டால் எந்த மாற்று ஏற்பாடும் உதவாது.

எந்தப் பொருள்களைக் காட்டுவது

இந்த விழாவுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓவியம். பெய்ஜிங் அரண்மனை அரும்பொருளகத்தில் தென்சொங் அரசமரபுக் காலத்து விசிறி வடிவ ஓவியம் ஒன்று இருக்கிறது: மாடத்தில் பெண்கள் நிலவு பார்த்து நிற்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகத்தில் ஓவியர் தாங் யின்னைப் பின்பற்றி வரைந்த நிலவுத் தேவதை சாங்'அ உண்டு. ஆனால் பட்டும் காகிதமும் 50 லக்ஸ் வெளிச்ச அளவுக்கு மேல் தாங்காதவை. சில மாதம் காட்டினால் சில ஆண்டு இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும். மங்கலான கூடத்தில் 400 பேரும் பிள்ளைகளும் கைப்பேசி வெளிச்சமுமாகப் புகுந்தால் காவலர்கள் மாலை முழுக்க 'ஃபிளாஷ் வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே நிற்க நேரும். ஓவியக் கூடத்தை 20 பேர் கொண்ட வழிகாட்டிக் குழுக்களுக்கு மட்டும் திறப்பது நல்லது.

கூட்டத்தை அனுப்ப வேண்டிய இடம் கீழ்த்தளம். மண்பாண்டத்துக்கு ஒளியால் கேடு இல்லை; 200 லக்ஸ் வைக்கலாம், படமும் எடுக்கலாம். நிலவோடு உறவுள்ள பொருள்களும் அங்கேதான் அதிகம். மிங் காலத்து நீல வெள்ளைத் தட்டைக் குடுவைகளுக்கு நிலவுக் குடுவை என்றே பெயர். சுன் என்னும் பழைய சீனப் பாண்டங்களின் வெளிர்நீல மெருகில் ஒரு வகை 'நிலவு வெள்ளை'.

எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது தாங் அரசமரபுக் காலத்து, முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடி. வட்டம், பளபளப்பு, அக்காலக் கண்ணாடிகளில் ஒரு வகையின் பின்புறத்தில் முயல், தேரை, நிலவு மரம், சாங்'அ எல்லாமே உண்டு. சிங்கப்பூரிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு இப்போது ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் சேகரிப்பு. அதில் சீனத்துச் சாங்ஷாவில் சுட்ட பல்லாயிரம் கிண்ணங்களோடு வெண்கலக் கண்ணாடிகளும் இருந்தன. ஒன்று 758ஆம் ஆண்டில் யாங்சோவில் வார்த்ததாகத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. கப்பலேறும்போதே அது பழம்பொருள்.

கண்ணாடியில் இருக்கும் இடைஞ்சல் ஈரம். பழைய வெண்கலத்தில் குளோரைடு தங்கியிருந்தால் ஈரம் ஏற ஏறப் பச்சைத் தூளாகப் பொரியும். முற்றத்தின் காற்றில் மாலையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும். கூடம் 50 முதல் 55க்குள் இருக்க வேண்டும். வெண்கலப் பேழைக்குள் அதைவிடக் குறைவு. முற்றத்துக் கதவை விழா முடியும்வரை திறந்தே வைத்தால் கூடத்தின் ஈரப்பதம் கட்டுமீறும். இரட்டைக் கதவு இருந்தால் ஒன்று மூடிய பின்தான் மற்றது திறக்க வேண்டும். இல்லாத கட்டடத்தில் கூடத்துக்கும் முற்றத்துக்கும் நேர்வழி விடாமல், தாழ்வாரம் சுற்றி வர வைப்பதே வழி. நடை இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

கட்டடத்துக்குள் நிலவுத் திண்ணை கட்டிய அரும்பொருளகமும் உண்டு. மெட்ரோபாலிட்டனில் 1981இல் திறந்த ஆஸ்டர் கோர்ட் சீனக் கைவினைஞர்கள் வந்து எழுப்பிய மிங் பாணி முற்றம். சீனாவின் சூசோ நகரத்து வலைஞர் தலைவன் தோட்டத்தில் உள்ள ஒரு முற்றம் அதற்கு முன்மாதிரி. வட்ட வாயிலும் நிலவு பார்க்கும் மேடையும் அங்கே இருக்கின்றன, மேலே கண்ணாடிக் கூரை. மூலத் தோட்டத்திலோ குளக்கரைக் கூடாரத்தில் பெரிய கண்ணாடி ஒன்று பதித்திருக்கிறார்கள். வானத்து நிலவு, நீரில் நிலவு, கண்ணாடியில் நிலவு என மூன்றையும் அங்கிருந்து பார்க்கலாம். மாதிரிக் கட்டடத்தின் முற்றத்தில் இதைச் செய்யக் காசு தேவையில்லை. கறுப்புத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் நீர் ஊற்றிக் குட்டை மேசையில் வைத்தால், சரியான கோணத்தில் நின்று குனிபவருக்கு நிலவு கிடைக்கும். கீழ்த்தளத்தில் வெண்கலக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வருபவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வெட்டும் கணக்கு

வழக்கமான கான்டன் வகை மூன்கேக் சுமார் 180 கிராம். தாமரை விதை விழுதும் உப்பிலிட்ட வாத்து முட்டைக் கருவும் சேர்ந்து ஏறத்தாழ 800 கலோரி. ஒருவர் ஒன்று தின்னும் பண்டம் அல்ல. எட்டாக வெட்டினால் தலைக்கு ஒரு துண்டு. 400 பேருக்கு 50, உடைசலுக்கும் கூடுதலுக்கும் ஆறு. பெட்டிக்கு நான்கு வீதம் 14 பெட்டி.

அந்த 14 பெட்டியில் என்ன இருக்கிறது என்பதில்தான் சிக்கல். பழைய செய்முறையில் பன்றிக் கொழுப்பு உண்டு. இன்றும் சில கடைகளில் உண்டு. தியோசூ வகை அடுக்கு மூன்கேக்கில் கேட்காமல் வாங்கவே கூடாது. கடலை எண்ணெய் பரவலாகப் புழங்குகிறது, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. சுடாமல் செய்யும் ஸ்னோஸ்கின் மூன்கேக் வகைகள் சிலவற்றில் மதுவும் ஜெலட்டினும் இருக்கும். இன்னொன்று, ஏற்பாட்டாளர்கள் நினைத்தே பார்க்காதது: செப்டம்பர் 25 புரட்டாசியில் விழுகிறது. வழக்கமாக முட்டை தின்னும் தமிழர்கள் பலரும் அந்த மாதம் தொடமாட்டார்கள். ஆக, எட்டுப் பெட்டி ஹலால் சான்றுள்ள, முட்டைக் கரு இல்லாத தாமரை விழுது. மேல் மெருகுக்கு முட்டை பூசியிருக்கிறதா என்று தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும், இங்கேதான் தவறு நடக்கும். நான்கு பெட்டி கரு உள்ளது. இரண்டு பெட்டி கொட்டை வகை, அது தனி மேசையில், தனிக் கத்தியோடு.

சுட்ட அன்றே மூன்கேக் வெட்டினால் மேலோடு கட்டியாக நின்று நொறுங்கும். உள்ளிருக்கும் எண்ணெய் ஓட்டுக்கு ஏறி மென்மையாக இரண்டு மூன்று நாள் வேண்டும். விழாவன்று காலையில் சுட்டது என்று பெருமையாகக் கொண்டுவரும் பண்டம் அதனால்தான் ஏமாற்றுகிறது. வெந்நீரில் முக்கித் துடைத்த மெல்லிய கத்தி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு துடைப்பு. ஒரு கேக்குக்கு இரண்டு நிமிடம் என்றால் 56 கேக் ஒருவருக்கு இரண்டு மணி நேர வேலை. முன்கூட்டியே எல்லாவற்றையும் வெட்டி வைத்தால் வெட்டு முகம் உலர்ந்து கருத்துவிடும். இரண்டு பேர், 14 கேக் வீதம் நான்கு தவணை, தவணைக்குக் கால் மணி நேரம்.

சர்க்கரை குறைந்த கெட்டித் தேநீர் இல்லாமல் இந்தப் பண்டம் இறங்காது. ஊலோங் அல்லது பு'அர், லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் இலை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடித்துவிட வேண்டும். இலையோடு கலனில் நின்றால் அரை மணி நேரத்தில் கசப்பு. 100 மி.லி. கோப்பை இரண்டு வீதம் 80 லிட்டர். பம்பளிமாஸ் உரிப்பதும் முற்றத்திலேயே; தோல் எண்ணெய் தெறிக்கும்.

கையால் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஸ்னோஸ்கின் நல்லது, அடுப்பு தேவையில்லை. மாவை முன்பே ஆவியில் வேகவைத்துக் கொண்டுவரலாம்: புலுட் (ஒட்டும்) அரிசி மாவு 50 கிராம், பச்சரிசி மாவு 50, கோதுமை ஸ்டார்ச் 30, சர்க்கரை 50, பால் 185 மி.லி., எண்ணெய் 30. கலந்து வடிகட்டி 20 முதல் 25 நிமிடம் ஆவி. சூட்டோடு பிசைந்து ஆறவைத்தால் 25 கிராம் உருண்டை 14 வரும். ஒவ்வொன்றுக்கும் 25 கிராம் பூரணம், 50 கிராம் அச்சு. சூடு ஆறாத மாவு அச்சில் ஒட்டும். வறுத்த மாவை அதிகம் தூவினால் பூவேலைப்பாட்டின் பள்ளம் வெள்ளையாக அடைந்து முகமே இருக்காது. செய்த பண்டம் குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டியது; வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். மர அச்சு பார்க்க அழகு, ஆனால் மேசை விளிம்பில் தட்டித்தான் எடுக்க வேண்டும். கூடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மூன்று மணி நேரம் அந்தத் தட்டு கேட்கும். பிளாஸ்டிக் அழுத்து அச்சுதான் இங்கே சரி.

விளக்கு, விடுகதை, முரசு

மெழுகுவத்தி உள்ளும் புறமும் கிடையாது. எல்இடி விளக்கு வாங்கும்போது மின்கல அறைக்குத் திருகாணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். நிறம் மஞ்சளாக, 2700 கெல்வின். நீலம் கலந்த வெள்ளை, காகிதத்தைப் பிணம்போலக் காட்டும்.

மூங்கில் சட்டத்து முயல் விளக்கைப் பார்வைக்கு வைக்கலாம், பொதுமக்கள் மேசைக்கு அது ஆகாது: பசை உலரவே அரை மணி நேரம். வெளியிலிருந்து வரும் மூங்கிலில் துளைவண்டு இருக்கக்கூடும். உறையில் கட்டி மைனஸ் 20 பாகையில் ஒரு வாரம் உறையவைத்த பின்பே கட்டடத்துக்குள் எடுக்க வேண்டும். மேசைக்கு ஏற்றது கீறல் விளக்கு. கெட்டியான ஏ3 தாளை மடித்து, இரு விளிம்பிலும் 3 செ.மீ. விட்டு, 2 செ.மீ. இடைவெளியில் கீறல்கள், உள்ளே செல்லோஃபேன் உருளை, இரட்டைப் பக்க ஒட்டுநாடா. கீறலை முன்பே வெட்டிய பொட்டலமாகக் கொடுத்தால் 15 நிமிடத்தில் முடியும். ஆறு மேசை, எட்டு இருக்கை, அடுக்கிவைக்க ஐந்து நிமிடம்: மணிக்கு 144 விளக்கு. 8:15க்குள் 240 தான் தேறும். எல்லாருக்கும் விளக்கு என்று அறிவித்துவிடாமல், பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று சீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

குச்சியில் கட்டிய விளக்கு கூடத்துக்குள் வரக் கூடாது. 60 செ.மீ. குச்சியின் நுனியைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை; திறந்த பீடத்தில் நிற்கும் சிலைகளுக்கு அது எமன். தாழ்வாரத்தில் கொக்கி வரிசை வைத்து மாட்டிவிட்டுக் கூடம் பார்க்கட்டும். 8:20க்கு அங்கிருந்தே ஊர்வலம் முற்றத்துக்குப் புறப்படும்.

விளக்கில் தொங்கும் விடுகதை இந்த விழாவைவிட முதல் மாதப் பௌர்ணமியில் வரும் விளக்கு விழாவுக்கு நெருக்கம். இங்கும் பழக்கத்தில் உண்டு. சீன விடுகதைகள் எழுத்துருவை வைத்து விளையாடுபவை. சீனம் படிக்காதவருக்கு விடை சொன்னாலும் புரியாது. நான்கு மொழியிலும் தனித்தனியாக எழுதினால்தான் சரிவரும். தமிழ்ச் சீட்டுக்குக் கைவசமே இருக்கிறது: 'அம்மா சேலையை மடிக்க முடியாது, அப்பா காசை எண்ண முடியாது.' விடை வானமும் விண்மீனும். முற்றத்தில் தலையை நிமிர்த்தினால் போதும். மூன்கேக்குக்குள் இரகசியச் சீட்டு வைத்து மங்கோலியரைக் கவிழ்த்த கதையை வழிகாட்டிகள் விரும்பிச் சொல்வார்கள். சொல்லட்டும், ஆனால் வரலாறு என்று சொல்ல வேண்டாம்; அது பிற்காலத்து வழக்குக் கதை.

சிங்க நடனம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வரும். மறுப்பதற்கு நல்ல காரணம், முரசின் அதிர்வு: கண்ணாடித் தட்டில் நிற்கும் சிறு பாண்டங்கள் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகரும், காலையில் பார்த்தால் விளிம்பில் நிற்கும். குசெங் அல்லது பிபா என்னும் இன்னொரு சீன நரம்புக் கருவி, முற்றத்தில், ஒலிபெருக்கி குறைவாக. கலைஞர் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வந்து உட்கார வேண்டும். குளிரறையில் சுருதி சேர்த்த நரம்பு ஈரக்காற்றில் இறங்கிவிடும்.

ஊதுவத்தி வேண்டாம், புகை பேழை இடுக்கு வரை போகும். படையல் மேசை வைக்கலாம்: கிழக்கு பார்த்து, பம்பளிமாஸ், சேப்பங்கிழங்கு, கறுப்பு நீர்க்கொட்டை, ஒரு முழு மூன்கேக். வெட்டாத கேக் அது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அன்றிரவே

குப்பை 9:30க்குக் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும், மறுநாள் காலை அல்ல. விழுதின் துணுக்கு செருப்படியில் ஒட்டி மேல்தளம் வரை போயிருக்கும். தாழ்வாரத்துக் கதவருகே ஈரத் துணி விரித்து வைப்பது பாதியைத் தடுக்கும். மரத்தரையை உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்த பின்தான் ஈரத்துடைப்பு. முதலிலேயே நீர் பட்டால் சர்க்கரை இடுக்கில் இறங்கும். பூச்சி ஒட்டுப்பொறிகளை நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் புதிதாக வைத்து, மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் எண்ணிக்கை குறித்துக்கொள்ள வேண்டும். எறும்பு உடனே வரும்; வெள்ளிப்பூச்சி தாமதித்து வரும், அதற்கு ஓவியச் சுருளின் மாப்பசையும் பிடிக்கும்.

அடுத்த ஆண்டு விழா 2027 செப்டம்பர் 15, புதன்கிழமை. புரட்டாசி பிறந்திருக்காது, முட்டைக் கரு கணக்கு மாறும். முழுமை மறுநாள் காலையே என்பதால் நிலவு சூரியன் மறைவுக்குச் சுமார் அரை மணி முன்புதான் எழும். அதே கட்டடம் அதே 30 பாகையை மறைத்தால் 8:15க்குக் கிடைத்தது 8:45க்குத்தான் கிடைக்கும். மறுநாள் பள்ளி நாள். முற்றத்தில் நாற்காலிகளை மேற்கோரத்துக்கு 15 மீட்டர் பின்தள்ளினால் கட்டடம் மறைப்பது 25 பாகையாகக் குறையும், கால் மணி நேரத்துக்கு மேல் மிச்சம்.